ஹாக்கன்ராய்ட் என்ற பெயரும் வில்ஃப்ரெட்டும்

வில்ஃப்ரெட் ஹாக்கன்ராய்ட் இருபத்தெட்டு வருடம் ஓட்டுநர் உரிமத் தேர்வு அதிகாரியாக இருந்தவர். மடியில் ஓர் அட்டை, கையில் பென்சில், முகத்தில் எந்தச் சலனமும் இருக்காது. அவரிடம் தேறியவர்களைவிடத் தேறாதவர்கள்தான் அதிகம். என் மனைவி எனிட் இரண்டு முறை தேறவில்லை. அவளும் பிறப்பால் ஹாக்கன்ராய்ட். ஏதோ ஒரு வகையில் தனக்குப் பங்காளி வீட்டுப் பெண் என்று அவருக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் "கண்ணாடியைப் பார்க்கவில்லை" என்று குறித்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

"பாத்தேன் வில்ஃப். கழுத்த திருப்பாம கண்ணால பாத்தேன்" என்று முப்பது வருடம் கழித்தும் எனிட் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீ பாத்தியாங்கறது முக்கியமில்ல. நீ பாத்தத நான் பாத்தேனாங்கறதுதான் முக்கியம்" என்பார் அவர்.

1987-இல் பணி ஓய்வு பெற்றார். மறுநாள் காலை ஹாலிஃபாக்ஸ் நூலகத்துக்குப் போய், நாட்டின் எல்லாத் தொலைபேசிப் புத்தகங்களையும் கேட்டார். மூன்று வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். மொத்த பிரிட்டனிலும் அறுபத்துமூன்று வீடுகளில்தான் அந்தப் பெயர் இருந்தது. வரைபடத்தில் அறுபத்துமூன்று ஊசிகளைக் குத்திப் பார்த்தார். ஐம்பதுக்கு மேற்பட்டவை எங்கள் பள்ளத்தாக்கிலேயே, பன்னிரண்டு மைல் சுற்றளவுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்து நின்றன. அறுபத்துமூன்று பேருக்கும் தபால்தலை ஒட்டிய பதில் உறையோடு கடிதம் எழுதினார். நாற்பத்தொரு பேர் பதில் போட்டார்கள். அதில் பாதிப் பேர் சொத்து ஏதாவது வருகிறதா என்று விசாரித்திருந்தார்கள்.

பெயர் எங்கிருந்து வந்தது என்பதில் சிக்கல் இல்லை. பள்ளத்தாக்கின் மேல்கோடியில், மேய்ச்சல் நிலம் முடிந்து சதுப்பு தொடங்கும் இடத்தில் ஹாக்கன்ராய்ட் என்றே ஒரு பண்ணை வீடு இருந்தது. இப்போது கூரை இல்லை, ஆடுகள் ஒதுங்குகின்றன. ராய்ட் என்றால் எங்கள் பக்கத்தில் மரத்தை வெட்டி வேரைத் தோண்டித் திருத்திய நிலம். ஹாக்கின் என்றொருவன் எப்போதோ அந்த வேர்களைத் தோண்டியிருக்கிறான். நிலம் அவன் பெயரை எடுத்துக்கொண்டது. பிறகு அங்கே குடியிருந்தவர்கள் நிலத்தின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். 1379-ஆம் ஆண்டுத் தலைவரிப் பட்டியலில் "ஹாக்கன்ராய்டைச் சேர்ந்த ஜான்" என்று ஒருவன் வருகிறான். அதன் பிறகு அறுநூறு வருடம் அந்தக் குடும்பம் எங்கும் போகவில்லை. நெய்தார்கள், ஆடு வளர்த்தார்கள், செத்தார்கள். மனிதர்கள் ஓரிடத்திலேயே கிடந்ததைப் பெருமை என்று சொல்ல எனக்கு வராது. வில்ஃப்ரெட்டுக்கு அது பெருமையாக இருந்தது.

ஹாக்கன்ராய்ட் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார். மூன்று மாதத்துக்கு ஒரு செய்தி மடல் வரும். ஜூன் மாதம் மெதடிஸ்ட் மண்டபத்தில் கூட்டம், ஹாம் சாண்ட்விச், தேநீர், பேச்சு. உறுப்பினர்களுக்கு விதிகள் இருந்தன. பண்ணை வீட்டு வம்சத்தை அப்பா, அவருடைய அப்பா என்று பின்னோக்கிப் போய் நிரூபிக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டு ஆவணங்கள் வேண்டும். நிரூபித்தவர்கள் முழு உறுப்பினர். மற்றவர்கள் இணை உறுப்பினர். எனிட் முழு உறுப்பினர். அவளைக் கட்டிக்கொண்ட நான் சாண்ட்விச் தட்டுகளைத் தூக்குகிறவன்.

1993 ஜூன் கூட்டத்தில் இரண்டு விஷயங்கள் நடந்தன. முதலாவது, அடுத்த ஜூனில் பண்ணை வீட்டு வாசலில் ஒரு கல் நட முடிவாயிற்று. "இவ்வீட்டின் இரத்தத்தில் வந்தவர்கள் நட்டது" என்ற வாசகத்தை வில்ஃப்ரெட் எழுதிக்கொண்டு வந்திருந்தார். திறந்து வைப்பதும் அவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆறு வருட உழைப்பும் அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் என்று எங்களுக்குத் தெரியும். அதற்காகவே புதுக் கோட்டு தைக்கக் கொடுத்திருந்தார்.

இரண்டாவது, மேவிஸ் ஹார்கர் வந்தார். மலைக்கு அந்தப் பக்கம், எங்கள் மாவட்டத்தோடு நூற்றாண்டுகளாக முறைத்துக்கொண்டிருக்கும் லங்காஷயரில், பர்ன்லியிலிருந்து ஒரு கேக்கைச் சுமந்துகொண்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். ஆலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். பிறந்த வீட்டுப் பெயர் ஹாக்கன்ராய்ட்.

கசாப்புக் கடைக்காரர் சிரில் கேக்கை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "லங்காஷயர் கேக்கா? மொதல்ல வில்ஃப் சாப்பிடட்டும். அரை மணி நேரம் பாத்துட்டு நாம சாப்பிடலாம்."

"தைரியமா சாப்பிடுங்க. வெஷம் வெக்கிற அளவுக்கு உங்கள எனக்கு இன்னும் தெரியாது" என்றார் மேவிஸ்.

எனிட் உடனே இரண்டு துண்டு எடுத்துக்கொண்டாள்.

மேவிஸின் கோரிக்கை ஹன்னா என்ற பெண்ணைப் பற்றியது. ஹன்னா பண்ணை வீட்டு மகள். கல்யாணமாகாமலே 1815-இல் ஒரு பையனைப் பெற்றாள். பையனுக்கு அம்மாவின் பெயரே நின்றது. அவனிலிருந்து மேவிஸ் வரை கண்ணி அறாமல் வருகிறது. வில்ஃப்ரெட் தாள்களைப் படித்துவிட்டு அடுக்கித் திருப்பிக் கொடுத்தார்.

"இணை உறுப்பினராச் சேந்துக்கலாம், மிஸ்ஸிஸ் ஹார்கர்."

"முழுசா ஏன் இல்ல? அப்பன் யாருன்னு தெரியாது, சரி. அம்மா தெரியுமில்ல? அவ அந்த வீட்லதான பொறந்தா?"

"விதி அப்பா வழி."

"விதிய எழுதினது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீங்களே திருத்தலாமே."

"பரீட்சைக்கு வந்தவங்களுக்காகக் கேள்வித்தாள மாத்த முடியாதுங்க. அதுவும் போக, உங்க ஹன்னாவுக்கு ஞானஸ்நானப் பதிவு மட்டுந்தான் காட்றீங்க. அந்தக் கொழந்த சின்னதுலயே செத்துப்போயிருந்தா? உங்க ஹன்னா வேற யாரோ ஒரு ஹன்னாவா இருந்தா? சாகலைங்கறத நிரூபிக்கணும்."

"செத்திருந்தா எப்படிங்க பையன் பெத்திருப்பா?"

மண்டபம் சிரித்தது. வில்ஃப்ரெட் சிரிக்கவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்விதான். முன்னோரைத் தேடுகிறவர்கள் எல்லோரும் விழுகிற குழி அது. ஒரு பெயரில் ஞானஸ்நானப் பதிவு கிடைத்ததும் அதுதான் நம் ஆள் என்று கட்டிப்பிடித்துக்கொள்கிறோம். அந்தக் குழந்தை அடுத்த மாதமே புதைக்கப்பட்டதா என்று பார்ப்பதில்லை.

எங்கள் பள்ளத்தாக்கில் அந்தக் குழி இன்னும் ஆழம். குழந்தைகளை அந்தக் காலத்தில் கீழே தாய்க்கோயில் என்ற பெரிய தேவாலயத்துக்குக் கொண்டுவந்துதான் ஞானஸ்நானம் செய்வார்கள். குளிர்காலத்தில் யாராவது செத்தால், பனியில் சவப்பெட்டியைச் சுமந்து ஐந்து மைல் இறங்க முடியாது. மேலேயுள்ள சின்னக் கோயிலிலேயே புதைத்துவிடுவார்கள். ஆக, பிறப்பு ஒரு புத்தகத்தில், இறப்பு வேறொரு புத்தகத்தில். சின்னக் கோயிலை மூடிய பிறகு அதன் புதைப்புப் பதிவேடு யாருடைய அலமாரியிலோ கிடந்தது. அந்த வருடம் இலையுதிர்காலத்தில்தான் வேக்ஃபீல்டு ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது.

"அத ஒரு தடவ பாத்துட்டா மிஸ்ஸிஸ் ஹார்கர் விஷயம் முடிஞ்சுடும்" என்றார் வில்ஃப்ரெட். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் வண்டி ஓட்டுவதில்லை. நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் கூட்டிப்போனேன். போகிற வழியெல்லாம் பரீட்சை.

"மூணாவது கியர்."

"தெரியும் வில்ஃப்."

"தெரிஞ்சா ஏன் நாலுல போறே? அந்தச் சைக்கிள்காரன் உன்னப் பாத்தான். நீ அவனப் பாக்கல."

காப்பகத்தில் பையைப் பூட்டி வைத்துவிட்டு, பென்சிலோடு உள்ளே போனோம். பதிவேடு மெலிந்த புத்தகம், ஓரங்களில் ஈரக்கறை. வில்ஃப்ரெட் 1794-இலிருந்து விரலை வைத்து இறங்கினார். ஹன்னா 1795-இல் பிறந்தவள். அவளைப் புதைத்த குறிப்பு எங்கும் இல்லை. 1798 ஜனவரியில் விரல் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். "ஜோனஸ், ஹாக்கன்ராய்ட் ஆபிரகாமின் கைக்குழந்தை."

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பண்ணை வீட்டு ஆபிரகாமின் மகன் ஜோனஸ்தான் வில்ஃப்ரெட்டின் மூதாதை. 1797 அக்டோபரில் ஞானஸ்நானம், 1819-இல் கல்யாணம், பிறகு ஏழு பிள்ளைகள் என்று செய்தி மடலின் முதல் இதழிலேயே வந்தவன். அவன் மூன்று மாதக் குழந்தையாகவே மண்ணுக்குப் போய்விட்டான் என்றால், 1819-இல் கல்யாணம் செய்துகொண்ட ஜோனஸ் யார்?

மேவிஸிடம் கேட்ட அந்தக் கேள்வியை வில்ஃப்ரெட் தன்னிடம் கேட்டுக்கொண்டதே இல்லை. தன் சொந்த வம்சத்தை அவர் ஓய்வு பெற்ற முதல் மாதத்திலேயே, ஆர்வம் பொங்கிக்கொண்டிருந்தபோது, கட்டி முடித்துவிட்டார். விதிகளை இரண்டு வருடம் கழித்துத்தான் எழுதினார். எழுதியவர் திரும்பிப் போய்த் தன் கண்ணிகளைச் சோதிக்கவில்லை. தன் வீட்டுக் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்க யாருக்குத் தோன்றும்?

திரும்பும்போது ஒரு சந்திப்பில் விளக்கு மஞ்சளானது. நான் நிறுத்தாமல் கடந்துவிட்டேன். அவர் எதுவும் சொல்லவில்லை. 

அடுத்து வந்த மாதங்கள் எனக்குச் சலிப்பாக இருந்தன. அவருக்கு எப்படி இருந்தன என்று நான் ஊகிக்க மாட்டேன். செவ்வாய்க்கிழமைதோறும் வேக்ஃபீல்டு போனோம். அக்கம்பக்கத்துப் பதினொரு கோயில்களின் பதிவேடுகளில் இன்னொரு ஜோனஸைத் தேடினோம். ஆபிரகாமின் தம்பிக்கு ஒரு ஜோனஸ் இருந்திருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும். தம்பிக்கு நான்கும் பெண்கள். பங்காளி ஒருவர் இருந்தார், அவர் கனடா போய்விட்டார். ஒரு கோயிலின் பதிவேட்டில் வேண்டிய ஆறு வருடத்தை மட்டும் எலி தின்றிருந்தது. அந்த எலியைப் பற்றி அவர் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

எனிட் ஒருநாள் சொன்னாள்: "விட்டுத்தொலையேன் வில்ஃப். செத்த கொழந்தைக்கு அப்புறம் பொறந்ததுக்கும் அதே பேரு வெச்சிருப்பாங்க. அந்தக் காலத்துல எல்லாரும் செஞ்சதுதான."

"செஞ்சிருப்பாங்க. அப்ப ரெண்டாவது ஞானஸ்நானம் எங்க?"

"பனி பெஞ்சிருக்கும், கொண்டு போயிருக்க மாட்டாங்க."

"பனி பெஞ்சிருக்கும்ங்கறது ஆவணமா, எனிட்?"

மார்ச்சில் ஜோனஸ் கிடைத்தான், ஏழைகள் உதவிக் கணக்கில். 1826-இல் தறிகள் ஓய்ந்து கைநெசவாளர்கள் பட்டினி கிடந்த வருடம் அது. உதவி கேட்டு வருகிறவன் எந்த ஊருக்குப் பாத்தியப்பட்டவன் என்று விசாரித்து, பிரமாணம் வாங்கி எழுதிக்கொள்வார்கள். அந்தத் தாள் எட்டு வரிதான். ஜோனஸ் ஹாக்கன்ராய்ட், நெசவாளி. வேறு ஊர் ஏழைகள் கண்காணிப்பாளர்கள் சுமார் ஏழு வயதில் தன்னை ஹாக்கன்ராய்ட் ஆபிரகாமிடம் வேலைக்குப் பழக ஒப்படைத்ததாகவும், இருபத்தொரு வயது வரை அங்கேயே இருந்ததாகவும் சொல்கிறான். தாய் தகப்பன் யாரென்று தெரியாது. தனக்கு வேறு பெயர் இருந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. கீழே கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி.

வில்ஃப்ரெட் அதைப் பென்சிலால் நகலெடுத்தார், இரண்டு முறை சரிபார்த்தார். வெளியே வந்து கார் கதவைத் திறந்தபோது சொன்னார்: "எட்டு வரி. அந்தக் குமாஸ்தா இன்னும் ஒரு வரி கேட்டு எழுதியிருக்கலாம்."

"என்ன கேட்டிருக்கணும்?"

"உனக்கு ஜோனஸ்னு பேரு வெச்சது யாருன்னு."

எனக்கும் அதே யோசனைதான். மகனைப் பறிகொடுத்த வீடு, ஏழு வருடம் கழித்து அதே வயதில் வந்து நின்ற ஊர்பேர் தெரியாத பையனுக்கு அந்தப் பெயரைக் கொடுத்ததா? அல்லது வரும்போதே அவன் ஜோனஸாகத்தான் வந்தானா? முதலாவது உண்மையென்றால், அந்த வம்சத்தில் வேறு யாருக்கும் கிடைக்காத ஒன்று அவனுக்குக் கிடைத்திருக்கிறது. யோசித்துக் கொடுத்த பெயர். இதைச் சொன்னேன்.

"அதுக்கு ஆவணம் இல்ல" என்றார்.

ஏப்ரலில் நிர்வாகக் குழு மண்டபத்தின் மாடியறையில் கூடியது. பதினெட்டுப் பேர். மேவிஸையும் அவரே அழைத்திருந்தார். எழுந்து நின்று முதலில் ஹன்னாவின் விஷயத்தைச் சொன்னார். ஹன்னா குழந்தையில் சாகவில்லை, மேவிஸ் பண்ணை வீட்டு இரத்தம்தான், அப்பா வழி என்ற விதியைத் தளர்த்த வேண்டும். பிறகு ஜோனஸின் இரண்டு தாள்களையும் படித்தார். "ஆகவே நான் அந்த வீட்டுக்காரன் இல்ல. என் பேரு அங்க வேல செஞ்சதால வந்த பேரு. முழு உறுப்பினர் பட்டியல்லேர்ந்து என்னை எடுத்துடணும். தலைவர் பதவிய விட்டுடறேன். கல்ல நான் திறக்கறது பொய்."

சிரில் தொண்டையைச் செருமினார்.

"சரி வில்ஃப். கல்லு திறக்கற அன்னிக்கு, மேல மலையில டாய்லெட்டுக்கு என்ன ஏற்பாடு?"

"என்னது?"

"வயசானவங்க வருவாங்க. அங்க வெறும் ஆட்டுப்பட்டிதான."

"சிரில், நான் இப்ப என்ன சொன்னேன்னு கேட்டியா?"

"கேட்டேன்யா. உன் தாத்தனுக்குத் தாத்தன் வளர்ப்புப் பிள்ள. அதனால என்ன? ஆறு வருஷமா எங்க எல்லாரையும் போட்டு வறுத்தவன் நீதான், ஹாக்கன்ராய்ட் இல்லாம வேற யாரா இருப்ப?"

எல்லோரும் சிரித்தார்கள். அன்பாகத்தான் சிரித்தார்கள். வில்ஃப்ரெட்டின் முகம் சிவந்தது.

"வளர்ப்புப் பிள்ளன்னு எங்க எழுதியிருக்கு? ஒப்படைச்ச பையன். வேலக்காரன்."

"பதினாலு வருஷம் அந்த வீட்டுச் சாணிய அள்ளியிருக்கான்" என்றாள் எனிட். "என் கொள்ளுத்தாத்தன் அங்க பொறந்தான், அவ்வளவுதான். பொறக்கறதுக்கு என்ன சாமர்த்தியம் வேணும்? கல்லுல எழுதறதா இருந்தா ஜோனஸ் பேரத்தான் எழுதணும்."

"எனிட், நீ இப்ப எனக்குக் கசின் கூட இல்ல."

"அப்பாடா. இனிமே கண்ணாடிய பாத்தேனா இல்லையான்னு நீ சொல்ல முடியாது."

யாரோ ஓட்டெடுப்பு என்றார்கள். வில்ஃப்ரெட் தலைவராகவும் முழு உறுப்பினராகவும் தொடர வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம். பதினேழு கைகள். மேவிஸுக்கு ஓட்டு உண்டா என்று கேட்காமலே அவரும் தூக்கினார், பதினெட்டு. எதிர்த்து ஒரே கை, வில்ஃப்ரெட்டுடையது.

"இது கை தூக்கி முடிவு பண்ற விஷயமா?" என்று வில்ஃப்ரெட் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "சிவப்பு விளக்கத் தாண்டினவன, நல்ல மனுஷன்னு பதினெட்டுப் பேர் சொன்னா, தேறிட்டதா எழுத முடியுமா?"

"உக்காரு வில்ஃப், டீ ஆறுது" என்றார் சிரில்.

அவர் நேர்மையானவர் என்று அன்று மாடியிறங்கும்போது பலரும் சொன்னார்கள். எனக்கு அவ்வளவு சுலபமாகச் சொல்ல வரவில்லை. தன்னைத் தானே தோற்கடிக்கும் உரிமையைக்கூட இன்னொருவருக்கு விட்டுத்தராத பிடிவாதத்திலும் கொஞ்சம் கர்வம் இருக்கிறது. ஆனால் அவர் கேட்டது கருணை இல்லை, சரியான மதிப்பெண். அதை அந்த அறையில் ஒருவர்கூட அவருக்குக் கொடுக்கவில்லை. அவர் சொன்னதை மறுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அது ஒரு பொருட்டே இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆறு வருடம் தான் கட்டியதை மற்றவர்கள் ஒரு ஜூன் மாத உலாவாக மட்டுமே பார்த்திருக்கிறார்கள் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

கல்லின் வாசகத்தை மேவிஸ் மாற்றச் சொன்னார். "இரத்தத்தில்" என்பது போய், "இவ்வீட்டிலிருந்து புறப்பட்டவர்கள்" என்று ஆயிற்று. இப்போதாவது சரியா என்று வில்ஃப்ரெட்டிடம் கேட்கப் போனேன். "பாஸ் மார்க்கைக் கொறச்சுட்டாங்க" என்றார்.

ஜூன் இரண்டாம் சனிக்கிழமை. மேகமும் வெயிலும் மாறி மாறி வந்தன. பண்ணை வீட்டுக்குப் போகும் பாதை ஒரு வண்டி அகலம்தான். அதற்குக் கீழே, தார்ச்சாலை முடியும் இடத்தில், இருபத்தாறு கார்களை நிறுத்த வேண்டும். வில்ஃப்ரெட் அங்கேதான் நின்றார், புதுக் கோட்டில். காலை எட்டு மணிக்கே வந்து சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருந்தார். நானும் அவரோடு நின்றேன். தட்டு தூக்குகிறவனான எனக்கு அது சொந்த இடம்.

"இன்னும் பின்னால. இன்னும். நிறுத்து. பக்கத்து வண்டிக்காரன் கதவத் தெறக்க வேண்டாமா?"

எல்லோரும் மேலே போன பிறகு மேவிஸ் தனியாக இறங்கி வந்தார். ஏறி இறங்கியதில் மூச்சு வாங்கியது.

"எல்லாரும் நிக்கறாங்க, மிஸ்டர் ஹாக்கன்ராய்ட். துணிய எடுக்கணும்."

"நீங்க எடுங்க. நீங்க அந்த வீட்டுப் பொண்ணு. ஆவணம் இருக்கு."

"அந்த ஆவணத்த எனக்குக் கண்டுபிடிச்சுக் கொடுத்ததே நீங்கதான். உங்கள விட்டுட்டு நான் எப்படி எடுக்கறது?"

"கயிற இழுத்தா துணி வந்துடும்."

"ஜோனஸா இருந்தா மேல போயிருப்பான்."

வில்ஃப்ரெட் கொஞ்சம் யோசித்தார். "கூப்பிட்டிருந்தா போயிருப்பான். அவன யாரு கூப்பிட்டா?"

"நான் உங்களக் கூப்பிடறேன்ல?"

"நீங்க கூப்பிடறது என்னை. அவன இல்ல." பிறகு குரலைத் தணித்து, "மழ வரும் போல இருக்கு, மேவிஸ். வயசானவங்க நனைவாங்க. போங்க" என்றார்.

முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மேவிஸ் திரும்பி ஏறினார். பாதித் தூரத்தில் ஒருமுறை நின்று பார்த்தார். வில்ஃப்ரெட் ஒரு பச்சைக் காரின் சக்கரம் கோட்டைத் தாண்டியிருப்பதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சிறிது நேரத்தில் காற்றோடு கைதட்டல் கேட்டது. ஆடுகள் கத்தின.

"முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுது போலருக்கு."

"எல்லாரும் ஒரே நேரத்துல கெளம்புவாங்க" என்று சொல்லிவிட்டு, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு சாலையின் நடுவே போய் நின்றார்.